யார் கொடுத்த வாக்கு?



இந்த மாதத் தபாலில் கேரளத்து விழிஞ்ஞத்திலிருந்து ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அம்மா எழுதியது. குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்துக்கு வாக்கப்பட்டுப் போனவர், நம் இதழை நெடுநாளாக வாசிப்பவர். மற்றது மகன் எழுதியது. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக்காரர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை சினிமா போஸ்டர் பார்த்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன் என்கிறார். பிழைகள் இருக்கின்றன. அதனாலென்ன, எங்கள் அலுவலகத்திலும் இருக்கின்றன.

மகனுக்குக் கோபம், சண்டைப் படங்களின் மேல். அம்மாவுக்கு வருத்தம், தான் கும்பிட்ட பாட்டுக்காரர்களின் மேல். "இவன் புலம்புறதையும் நான் புலம்புறதையும் சேர்த்தே அனுப்புறேன், ரெண்டுக்கும் ஒரே பதில் போதும்" என்று அம்மா முடித்திருக்கிறார். ஒரே பதில் போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

மகனின் கணக்கு 'லியோ'விலிருந்து தொடங்குகிறது. 2023 அக்டோபர் 19. தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் 'துணிவு' படத்தின் நள்ளிரவுக் காட்சிக்கு வந்த ரசிகர் ஒருவர் கோயம்பேட்டில் லாரி மேல் ஏறி ஆடும்போது விழுந்து இறந்ததற்குப் பிறகு அதிகாலைக் காட்சி என்றாலே அரசுக்கு யோசனை. கேரளத்தில் தடை இல்லை. விடிகாலை 4 மணிக்கே திரை விலகியது. குமரி மாவட்டத்துப் பையன்கள் களியக்காவிளை எல்லை தாண்டி பைக்கில் வந்து சேர்ந்தார்கள். மார்த்தாண்டத்திலிருந்து வந்த கூட்டுக்காரர்களுக்கு இவர்தான் டிக்கெட் எடுத்து வைத்தாராம். விழிஞ்ஞத்திலிருந்து திருவனந்தபுரம் பட்டணம் பதினாறு கிலோமீட்டர். படம் முடிந்து ஏலத்துக்குத் திரும்பிவிடலாம். "முதல் பாதிக்குக் காசு தீர்ந்துச்சு, ரெண்டாம் பாதிக்கு நாங்கதான் கடன் கொடுத்தோம்" என்று எழுதியிருக்கிறார். விமர்சனம் எழுத இவரையே அமர்த்திக்கொள்ளலாமோ என்று நினைத்தேன்.

அடுத்தது 2024 ஜூலை 12, 'இந்தியன் 2'. அன்றைக்கு விழிஞ்ஞத்தில் இரண்டு வரவேற்பு. புதிய சரக்குத் துறைமுகத்துக்கு சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் முந்தின நாளே வந்துவிட்டது. சுமார் 300 மீட்டர் நீளம். 12ஆம் தேதி கேரள முதலமைச்சரும் மத்திய அமைச்சரும் வந்து முறைப்படி வரவேற்றார்கள். இந்தத் துறைமுகத்துக்கு 2015 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது ஆயிரம் நாளில் முடிப்போம் என்று சொன்னார்கள். அந்தக் கப்பல் வருவதற்குள் மூவாயிரம் நாளுக்கு மேல் போய்விட்டது. பிரதமர் வந்து துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தது 2025 மே 2இல். ஆக, முன்னறிவிப்புக்கும் வந்து சேர்வதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை விழிஞ்ஞத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மகன் கப்பல் பார்க்கப் போகவில்லை, படம் பார்க்கப் போனார். 28 வருடம் கழித்து வரும் சேனாபதி தாத்தா அல்லவா. படத்தில் அவர் மனதோடு கைதட்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். 2021இல் திருவனந்தபுரத்தில் காலமான நெடுமுடி வேணு, கணினியின் தயவில் திரையில் வந்த இடம். "வேணுச்சேட்டனைக் கண்டப்போ மட்டும் தொண்டை அடைச்சுது." பழைய 'இந்தியன்' படத்தில் தாத்தாவைத் துரத்திய அதே அதிகாரி வேடம்.

பிறகு 'கங்குவா', 2024 நவம்பர் 14. படம் இரண்டாயிரம் கோடி வசூலிக்கும் என்று தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா வெளியீட்டுக்கு முன்பே பேட்டியில் சொல்லியிருந்தார். வந்தவுடன் ஊரெல்லாம் ஒரே புகார்: காது கிழிகிறது. ஆஸ்கர் வாங்கிய ஒலிக்கலைஞர், கொல்லத்துக்காரரான ரசூல் பூக்குட்டியே இந்த இரைச்சல் போட்டியைப் பற்றி வருந்தி எழுதினார். அரங்குகளில் ஒலியை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லியிருக்கிறோம் என்று தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டி வந்தது. சத்தத்தைக் குறைத்த கையோடு கதையைக் கூட்ட வழியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தமிழ்த் தயாரிப்பாளர்கள் அடுத்து செய்த காரியம், திரையரங்க வாசலில் யூடியூபர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதைத் தடுக்கச் சொன்னது. கேரளத்திலும் இதே பேச்சுதான். படத்தை வேண்டுமென்றே மட்டம் தட்டுவதை அங்கே 'டிகிரேடிங்' என்பார்கள். படம் வெளியான உடனே விமர்சனம் போடலாமா கூடாதா என்பது 2023இலேயே கேரள உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

தமிழ்ப் படங்களை மட்டும் சொன்னால் மகன் கோபித்துக்கொள்வார், அவர் 'லாலேட்டன்' மோகன்லாலின் ரசிகரும்கூட. 2018 டிசம்பர் 14 அன்று கேரளம் முழுக்க ஹர்த்தால். அந்த நாளிலும் ஆள் திரண்டு போய்ப் பார்த்தது 'ஒடியன்'. மாதக்கணக்கில் ஊதிய பலூன் அது. கஞ்சி எடுக்கட்டுமா என்று மஞ்சு வாரியர் கேட்கும் ஒரு சாதாரண வசனம் கேரளம் முழுவதற்கும் கேலிப்பொருள் ஆகிவிட்டது. அந்த வசனத்தில் ஒரு தப்பும் இல்லை. மின்னலும் இடியும் வரும் என்று காத்திருந்தவன் காதில் கஞ்சி விழுந்ததுதான் தப்பு.

'மலைக்கோட்டை வாலிபன்' கதை இன்னும் பாவம். 2024 ஜனவரி 25இல் வந்தது. மோகன்லால் தோன்றும்போது தியேட்டர் குலுங்கும் என்று படத்தில் வேலை செய்த டினு பாப்பச்சன் முன்பே சொல்லி வைத்தார். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி எடுத்திருந்ததோ பாட்டி சொல்லும் கதைபோல நிதானமாக நகரும் ஒரு படம். நான் இரண்டு தடவை பார்த்தேன், இன்னொரு தடவையும் பார்ப்பேன். குலுங்கப் போனவர்களுக்குக் கொட்டாவி வந்தது. மறுநாளே இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, ஏன் இத்தனை வெறுப்பு என்று கேட்கும்படி ஆயிற்று. மோசமான படத்தை பில்டப் காப்பாற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல படத்தைக்கூட அது கொன்றுவிடும் என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

மறுபுறம், அதே கேரளத்தில் 2023 மே 5இல் பெரிய ஆரவாரம் இல்லாமல் வந்த '2018' பெருவெற்றி பெற்றது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பியதும் அதைத்தான். கேரளத்தின் 2018 வெள்ளத்தின் கதை. அந்த வெள்ளத்தில் விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் போனார்கள். 669 வள்ளங்கள், 4,537 மீனவர்கள், 65,000 பேர் மீட்பு என்பது அரசு சொன்ன மாநிலக் கணக்கு. போனவர்களில் மகனின் மாமாவும் ஒருவராம். அந்தப் பயணத்துக்கு டீசர் இல்லை, கவுண்ட்டவுன் இல்லை.

சரி, ஏமாந்தவனுக்கு நியாயம் உண்டா? இதில் ஒரு வழக்கு இருக்கிறது. படித்தபோது சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவர் 2016இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஷாருக்கானின் 'ஃபேன்' படத்துக்குப் போனார். விளம்பரங்களில் ஓயாமல் காட்டிய 'ஜப்ரா ஃபேன்' பாட்டுக்காகப் போனவர்கள். படத்தில் அந்தப் பாட்டே இல்லை. நுகர்வோர் ஆணையம் பத்தாயிரம் ரூபாய் இழப்பீடும் ஐயாயிரம் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. 2024 ஏப்ரல் 22இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது ஒப்பந்தம் ஆகாது, அதில் காட்டியதெல்லாம் படத்தில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பு. சட்டப்படி சரியாகவே இருக்கும். 2025 ஜூன் 5 அன்று 'தக் லைஃப்' பார்க்கப் போய், 'முத்த மழை' எப்போது வரும், எப்போது வரும் என்று கடைசி வரை காத்திருந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஆறுதல் தராது. தீ பாடியதா சின்மயி பாடியதா, எது நன்றாயிருக்கிறது என்று நாடே சண்டை போட்ட பாட்டு. இரண்டுமே படத்தில் இல்லை.

சட்டம் கேட்காத இடத்தில் மனசாட்சி கேட்டதும் உண்டு. 2002 ஆகஸ்ட் 15இல் வந்த 'பாபா' விழுந்தபோது, நட்டப்பட்டவர்களுக்கு ரஜினிகாந்த் பணம் திருப்பிக் கொடுத்தார். விநியோகஸ்தர்களுக்குத்தான், டிக்கெட் வாங்கிய நமக்கு இல்லை. என்றாலும் வாக்கு என்று ஒன்று இருந்தது, அது தவறியது என்று ஒப்புக்கொண்ட செயல் அது. இந்த இருபது ஆண்டில் அந்த வழக்கம் பரவியிருந்தால் பேட்டியில் கோடிகளை அள்ளி வீசும் வாய்கள் கொஞ்சம் நிதானிக்கும்.

இனி அம்மாவின் கடிதம்.

அவர் வீட்டில் ரேடியோ பாடினால் அது ஏசுதாஸ். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பம். தங்கள் வீட்டுப் பிள்ளை பாடுவதுபோலக் கேட்டு வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளை பட்டபாடும் அவர்களுக்குத் தெரியும். திருவனந்தபுரம் வானொலி நிலையம் அந்தக் குரல் சரிப்படாது என்று திருப்பி அனுப்பியது. செம்மங்குடி சீனிவாச ஐயர் முதல்வராக இருந்த சுவாதித் திருநாள் இசைக் கழகத்தில் சேர்ந்தும் பணம் இல்லாமல் படிப்பை விட வேண்டி வந்தது. சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிப்பது அவர் குரல். குருவாயூர்க் கோயிலுக்குள் அவருக்கு அனுமதி இல்லை. இப்படிப்பட்டவர் 2014 அக்டோபர் 2இல், அதே திருவனந்தபுரத்து மேடையில், பெண்கள் ஜீன்ஸ் போட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். கேட்டபோது அம்மாவுக்கு ஜீன்ஸ் போடும் மகள் இருந்தாள். 2018இல் தேசிய விருது வாங்கப் போன இடத்தில் ஒரு இளைஞர் எடுத்த செல்ஃபியைப் போனை வாங்கி அழித்தார். "ஆண்டவர் குரலைக் கொடுத்துட்டு மத்ததை மறந்துட்டாரோ" என்று எழுதுகிறார்.

அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்களுக்கு வாக்குக் கொடுத்தது யார்? உங்கள் மகனிடம் ஒரு தயாரிப்பாளர் வந்து இரண்டாயிரம் கோடி என்றார், தியேட்டர் குலுங்கும் என்றார். ஏசுதாஸ் உங்களிடம் வந்து நான் எல்லாவற்றிலும் உங்கள் பக்கம் நிற்பேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. சுருதி சேர்த்துப் பாடுவேன் என்பது மட்டுமே அவர் சொல்லாமல் சொன்னது. அதை அறுபது வருடம் காப்பாற்றினார். மீதியெல்லாம் அவர் பெயரில் நாமே எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்ட பத்திரம். ஜீன்ஸ் பேச்சைத் தப்பு என்று சத்தமாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டுப் பாட்டைக் கேட்கலாம்.

இளையராஜா விஷயத்தில் நான் உங்களோடு சண்டைக்கே வருவேன். பணத்தாசை பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் ஓடு ஓடென்று ஓடியதில் 1991இல் வந்த 'குணா' பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கடைசிக் கட்டத்தில் அந்தப் பாட்டு எழும்போது தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எழுந்து நின்றவர்களை நானே பார்த்தேன். அனுமதி யாரிடம் வாங்கியது என்று இசையமைத்தவர் நோட்டீஸ் விட்டார். ஆடியோ நிறுவனத்திடம் வாங்கினோம் என்றார்கள் இவர்கள். 2025இல் 'குட் பேட் அக்லி'க்கும் அதே சண்டை. உரிமை பாட்டை உண்டாக்கியவனிடமா, கேசட் போட்டவனிடமா என்பது நீதிமன்றம் தீர்க்க வேண்டியது. கேட்டதே கேவலம் என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் துறையில் விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை கணவாயை, அண்ணன் நல்லவர்தானே, சும்மா கொடுப்பார் என்று எவனாவது தூக்கிக்கொண்டு போனால் விடுவீர்களா? 2017இல் அமெரிக்கப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதுதான் எனக்கும் வலித்தது. கூட இருந்து பாடியவனுக்கு ஒரு போன் போதாதா? 2019இல் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றார்கள், மறு வருடம் பாலு போய்விட்டார். நல்லவேளை, அந்த நோட்டீஸோடு முடியவில்லை.

ரஹ்மான் கச்சேரியை மட்டும் அம்மாவின் கணக்கிலிருந்து எடுத்து மகன் கணக்கில் சேர்க்கிறேன். 2023 செப்டம்பர் 10, சென்னையை அடுத்த பனையூர். ஆகஸ்டில் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் நடந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே குழந்தைகளும் பெண்களும் நெரிசலில் தவித்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை உறைந்துபோனது. அது இசைக் குறை இல்லை, கொடுத்த டிக்கெட்டுக்கு நாற்காலி இல்லாத குறை. வாக்கு இருந்தது, தவறியது. டிக்கெட் நகலோடு மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று ரஹ்மானே முன்வந்து சொன்னதும் அதனால்தான்.

இன்னொரு வகை இருக்கிறது. அதை அம்மா ஒரே வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நான் நகர முடியாது.

2021 மே மாதம், திருவனந்தபுரத்தில் இருக்கும் ஓ.என்.வி. பண்பாட்டு அகாதமி தன் விருதை வைரமுத்துவுக்கு அறிவித்தது. அவர் மேல் பாலியல் புகார் சொன்ன பெண்கள் இருக்கும்போது எப்படி என்று கேரளத்தில் எதிர்ப்பு கிளம்பியது. நடிகை பார்வதி போன்றவர்கள் வெளிப்படையாகப் பேசினார்கள். மறுபரிசீலனை செய்வோம் என்றது அகாதமி. வைரமுத்து விருது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். அடுத்தது வேடன். யாழ்ப்பாணத்துத் தாய்க்குப் பிறந்து, மலையாளத்தில் சாதியை எதிர்த்து ராப் பாடி இளைஞர்களை ஆட வைத்தவர். அம்மாவின் மகனுடைய போன் உறையில்கூட அவர் படம்தானாம். 2025இல் கஞ்சா வழக்கு, பிறகு பாலியல் குற்றச்சாட்டு. நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்தது, வழக்கு முடியவில்லை. அந்த நவம்பரிலேயே 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பாட்டுக்காக அவருக்குக் கேரள அரசின் சிறந்த பாடலாசிரியர் விருது. அதற்கும் சண்டை.

இங்கே நம் மனசு உடைந்தது பெரிய விஷயமே இல்லை. புகார் சொன்ன பெண் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு, பாட்டு இவ்வளவு நன்றாயிருக்கிறதே, அந்த ஆளா அப்படிச் செய்திருப்பான் என்று நாம் முட்டுக் கொடுக்கத் தொடங்கினால் ரசனை அங்கே பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது. தீர்ப்பு வரும்வரை யாரையும் குற்றவாளி என்று எழுத மாட்டேன். ஆனால் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பது வேறு, மேடை கட்டி மாலை போடுவது வேறு. முன்னது அவரவர் பாடு. பின்னது ஊர் சேர்ந்து செய்யும் காரியம். வழக்கு முடியும்வரை மாலை காத்திருக்கலாம், வாடிவிடாது. இந்த இதழின் அட்டையிலும் அதே விதிதான். அதனால் சில நல்ல பேட்டிகளை இழந்திருக்கிறோம். போகட்டும்.

எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள்தானா என்று அம்மா கேட்டிருக்கிறார். இல்லை அம்மா. உங்கள் ஊரிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் வழியில் பாறசாலை வருமே, அந்த ஊர் பொன்னம்மாள். சுவாதித் திருநாள் இசைக் கழகத்தின் முதல் மாணவி, பிறகு அங்கேயே ஆசிரியை. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களைப் பாட விட்டதில்லை. 2006இல் அந்த வழக்கத்தை உடைத்துப் பாடியவர் அவர். அப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். 2017இல் பத்மஸ்ரீ, 2021 ஜூனில் மறைவு. கட்டவுட் கிடையாது. அவர் பாடிய பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு நாள் மாலை மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அவருக்குப் பத்து நிமிடத்தில் பொறுமை போனால் வற்புறுத்த வேண்டாம்.

மகனுக்கு என் பதில் சுருக்கம். முதல் நாள் போகாதே தம்பி என்று சொல்ல மாட்டேன். அந்த நாலு மணிக் கூச்சலும் கூட்டமும் வேறு எங்கும் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். கூட்டத்துக்காகப் போனால் கூட்டம் கிடைக்கும், ஏமாற்றம் இல்லை. படத்துக்காகப் போவதானால் திங்கட்கிழமை போ. அதற்குள் துறைமுகத்தில் நாலு பேர் பார்த்துவிட்டு வந்து, "வெறும் தள்ளாணு" (வெற்று பில்டப்) என்றோ, போய்ப் பார் என்றோ சொல்லிவிடுவார்கள். அவர்கள் யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு பேசுவதில்லை. கச்சேரிக்கோ கானமேளாவுக்கோ போனால் டிக்கெட்டைக் கிழித்து எறியாதே. டிரெய்லர்தான் வாக்கு ஆகாது. வாங்கிய டிக்கெட்டுக்கு இடம் கொடுக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், உனக்கு நானே மனு எழுதித் தருகிறேன்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்த கதைகளை எல்லோரும் எழுதுகிறார்கள். ஒன்றும் எதிர்பார்க்காமல் போய் உட்கார்ந்து, மனம் நிறைந்து வந்த படமோ கச்சேரியோ கோயில் திருவிழாப் பாட்டோ உங்களுக்கும் இருக்கும். எந்த ஊர், எந்த வருடம், யார் பாடியது அல்லது நடித்தது என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். விழிஞ்ஞத்து அம்மாவும் மகனும் தனித்தனி அட்டையில் எழுத வேண்டும். இந்தத் தடவை ஒரே உறை செல்லாது.

அன்புடன்,
ஆசிரியர்